இந்த ஸ்டெப் யாரோடது?

2019 கடைசியில் டிக்டாக்கைத் திறந்தால் 'ரெனகேட்' டான்ஸ்தான். அட்லாண்டா ராப்பர் கே கேம்ப்பின் 'லாட்டரி' பாட்டுக்கு, கைகளை மின்னல் வேகத்தில் மாற்றி மாற்றி ஆடும் ஸ்டெப். ஆடிய பலர் ஸ்டார் ஆனார்கள். ஆனால், அதை உருவாக்கியவரை யாருக்கும் தெரியவில்லை.

அவர் ஜலையா ஹார்மன். அட்லாண்டா அருகே வசித்த, 14 வயது கறுப்பினச் சிறுமி. அந்த செப்டம்பரில் அவர் ஆடி இன்ஸ்டாகிராமில் போட்ட வீடியோதான் இதற்கெல்லாம் ஆரம்பம். அடுத்த மாதமே ஸ்டெப் டிக்டாக்குக்குப் போய்விட்டது. ஜலையாவின் பெயர் மட்டும் போகவில்லை. டிக்டாக் ஸ்டார் சார்லி டமேலியோ ஆடியதும் அது அவருடைய டான்ஸ் என்றே பலரும் நினைத்தார்கள். 'இது என் ஸ்டெப்' என்று கமென்ட்டில் ஜலையா சொல்லியும் பலனில்லை.

2020 பிப்ரவரியில் 'நியூயார்க் டைம்ஸ்' அவரைப் பற்றி எழுதிய பிறகுதான் கதை மாறியது. அதே வாரம் சிகாகோவில் நடந்த என்.பி.ஏ ஆல்-ஸ்டார் கூடைப்பந்து அரங்கில் ஜலையா ரெனகேட் ஆடினார். சார்லியும் அவரோடு சேர்ந்து ஆடினார்.

பாட்டு யாருடையது என்பதை ஆப்பே காட்டிவிடும். ஸ்டெப் யாருடையது என்பதை ஆடுகிறவர்தான் சொல்ல வேண்டும். கேப்ஷனில் ஒரு டேக் போதும், மக்களே. அடுத்த ரீல்ஸில் நீங்கள் யாரை டேக் செய்யப் போகிறீர்கள்?