தொல்லுயிர் எழுத்தாளனின் தொண்டு

விஞ்ஞானம் பயின்றோருள் ஆராய்ச்சி செய்வோர் ஒரு சாரார். அவ்வாராய்ச்சியைப் பிறர்க்கு விளங்க எழுதுவோர் மற்றொரு சாரார். பின்னவரை இரண்டாந் தரத்தினராக எண்ணும் வழக்கம் நம்மிடையே உண்டு. அவ்வெண்ணம் பொருந்தாது என்பதே எமது கருத்து. அமெரிக்க அறிஞர் ஸ்டீபன் ஜே கூல்டின் வாழ்க்கை அதற்குத் தக்க சான்றாகும்.

1941 இல் நியூயோர்க் நகரிற் பிறந்த கூல்ட், ஐந்து வயதில் தந்தையாருடன் அந்நகர நூதனசாலைக்குச் சென்று டைரனோசோரஸ் என்னும் பேருருவ விலங்கின் எலும்புக்கூட்டைக் கண்டார். தொல்லுயிர் ஆராய்ச்சியில் அவருக்கு அன்று பிறந்த ஆர்வம் இறுதிவரை குன்றவில்லை. 1967 முதல் ஹாவார்ட் பல்கலைக்கழகத்திற் கற்பித்தார்; மேற்கிந்தியத் தீவுகளின் நத்தைகளை நுணுகி ஆராய்ந்தார். அத்துடன் அமையாது, 1974 தொடக்கம் 2001 வரை ஒரு சஞ்சிகைக்கு இடையறாது 300 கட்டுரைகள் எழுதினார். 1982 இல் கொடிய புற்றுநோய் பற்றியபோதும் அத்தொடர் அறுபடவில்லை. 2002 இல் அவர் காலமானார்.

அவர் 1989 இல் வெளியிட்ட நூலொன்று கனடாவின் மலைப்பகுதியிற் கிடைத்த உயிர்ச்சுவடுகளைப் பற்றியது. ஏறத்தாழ 50 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட அக்கடலுயிர்களை 1909 இல் சார்ல்ஸ் வால்கொட் கண்டெடுத்து, நாமறிந்த உயிர்க் குலங்களுள் அடக்கினார். பல்லாண்டுகளின் பின் கேம்பிரிட்ஜ் அறிஞர் அவற்றை மீண்டும் ஆராய்ந்து, பல உயிர்கள் அக்குலங்களுள் அடங்கா என்றனர். இவ்வரலாற்றைக் கூல்ட் யாவரும் அறிய எழுதினார். எனினும் அந்நூலில் முள்ளையே காலாகக் கொண்டு நடப்பதாகக் காட்டப்பட்ட ஹலுசிஜீனியா என்னும் உயிர், தலைகீழாக வைக்கப்பட்டிருந்தது என்பது 1991 இல் தெளிவாயிற்று. முட்கள் முதுகில் இருந்தவை.

அதனால் அந்நூல் பயனற்றதாயிற்றா? அன்று. கல்லிற் பதிந்த சுவட்டிலிருந்து முடிவு காண்பது எவ்வாறு, அம்முடிவு மாறுவது எதனால் என்பதை அது வாசகர்க்குக் காட்டியது. முடிவை மாத்திரம் மனனஞ் செய்தவன் அது மாறியவுடன் திகைப்பான். வழியைக் கற்றவனோ திருத்தத்தை மகிழ்ந்து ஏற்பான். இப்பயிற்சியை நல்குவதே விஞ்ஞான எழுத்தாளனின் தொண்டு. அது ஆராய்ச்சிக்கு எவ்வகையிலும் தாழ்ந்ததன்று.

இத்தொண்டுக்கு நம் நாட்டிலும் இடமுண்டு. இரத்தினபுரிப் பகுதியில் மாணிக்கக்கல் அகழும் குழிகளிலிருந்து நீர்யானை, காண்டாமிருகம், சிங்கம் ஆகியவற்றின் எச்சங்கள் வெளிப்பட்டன. நூதனசாலை அதிபராயிருந்த போல் தெரணியகல அவற்றை ஆராய்ந்து ஆங்கிலத்தில் எழுதிவைத்தார். ஈழத்தில் நீர்யானை வாழ்ந்த கதையைத் தமிழ்ச் சிறுவன் தன் மொழியிற் படித்து வியக்க வேண்டாமா?

வைத்தியமும் பொறியியலுமே கல்வியின் பயன் என்று கருதும் மாணவர் இதனைச் சிந்திப்பாராக. கற்றதைத் தமிழில் தெளிவாக எழுதவல்லவர் நம் கல்லூரியிலிருந்து சிலராயினும் தோன்றுவரேல், அதுவே கல்லூரித் தாய்க்கு நாம் செலுத்தும் சிறந்த கடனாகும்.