காலண்டர் கிராமம்

இங்கிலாந்துக் கிராமம் என்றதுமே நம் ஆட்களுக்குக் குரல் குழைந்துவிடுகிறது. அகதா கிறிஸ்டியும் வோட்ஹவுஸும் வாசித்து வளர்ந்த தலைமுறை. போதாக்குறைக்கு இப்போது யூடியூப். கூரை வேய்ந்த வீடு, தேவாலயக் கோபுரம், பப், புல்வெளி. "எத்தனை நூற்றாண்டாக அப்படியே வைத்திருக்கான் பாருங்க, நமக்கு அந்த அருமை தெரியுமா?" என்று ஒரு பெருமூச்சு வேறு.

'அப்படியே' என்ற அந்த ஒரு சொல்லில்தான் பொய் இருக்கிறது. அதைக் காட்ட டார்செட்டில் இருக்கும் மில்டன் அப்பாஸ் என்ற ஓர் ஊர் போதும்.

சரிவான ஒற்றைத் தெரு. இருபுறமும் வெள்ளைச் சுவரும் வைக்கோல் கூரையுமாக, அச்சில் வார்த்ததுபோல் வீடுகள். காலண்டருக்கென்றே பிறந்த ஊர். நிஜமாகவே வார்த்ததுதான். 1770களிலும் 80களிலும் ஒரே ஆளின் விருப்பத்துக்காக எழுந்தது.

அதற்கு முன், சற்றுத் தள்ளி, பழைய மடாலயத்தை ஒட்டி மிடில்டன் இருந்தது. வெறும் கிராமமல்ல; தெருக்களும் பப்புகளும் கிராமர் ஸ்கூலும் கொண்ட சந்தை ஊர். 1752இல் ஜோசப் டேமர், பிற்பாடு மில்டன் பிரபு, மடாலய எஸ்டேட்டை வாங்கினார். மாளிகைக்குப் பக்கத்திலேயே ஜனங்கள் புழங்கினார்கள். பிரபுவுக்கு வேண்டியது ஜனங்கள் அல்ல, இயற்கைக் காட்சி. சும்மா விடுவாரா? குத்தகை முடிய முடிய வீடுகள் இடிந்தன. கேபபிலிட்டி பிரவுன் வந்து நிலத்தைத் திருத்தினார். பள்ளத்தாக்கில் ஏரி வந்தது. 1785இல் நாடாளுமன்றச் சட்டம் போட்டுப் பள்ளிக்கூடத்தையே பிளாண்ட்ஃபோர்டுக்கு அனுப்பினார்கள்.

வில்லியம் ஹாரிசன் என்ற வழக்கறிஞர் மட்டும் குத்தகைப் பத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நகர மறுத்தார். மதகைத் திறந்து அவர் வீட்டுக்குள் தண்ணீர் விட்டார்களாம், அவர் வழக்காடி ஜெயித்தாராம். இன்றும் அங்கே சொல்கிறார்கள். சட்டம் தெரிந்தவர் தாக்குப்பிடித்தார். காகிதம் இல்லாத கூலிக்காரன் மூட்டை கட்டினான்.

"புது வீடு கட்டிக் கொடுத்தாரே?" என்பார்கள். கொடுத்தார்தான். சுவரும் கெட்டிதான். ஒரு வாசல், உள்ளே இரண்டு குடும்பம். ஆனால் சந்தையையும் பள்ளியையும் பிடுங்கிக்கொண்டு வீட்டை மட்டும் கொடுத்தால் அது ஊராகுமா? எங்கே வாழ்வது என்று முடிவு செய்யும் உரிமை யாரிடம் இருந்தது என்பதல்லவா கேள்வி?

இது ஒரு பிரபுவின் கிறுக்குத்தனம் என்று ஒதுக்கவும் முடியாது. 1604 முதல் 1914 வரை பொதுநிலங்களை வேலிபோட்டு வளைக்க அந்த நாடாளுமன்றம் 5,000க்கும் மேற்பட்ட சட்டங்களை இயற்றியது. அதே டார்செட்டில் டைன்ஹாம்: 1943 டிசம்பரில் ராணுவப் பயிற்சிக்காக அங்கிருந்து சுமார் 225 பேரைக் கிளப்பினார்கள். போர் முடிந்ததும் வந்துவிடலாம் என்று நம்பிப் போனார்கள். 1948இல் அரசு நிலத்தைக் கட்டாயமாக வாங்கிக்கொண்டது. குடியேற ஒருவரையும் விடவில்லை. இப்போது கூரையில்லாத அந்த வீடுகளைச் சுற்றுலாப் பயணிகள் படமெடுக்கிறார்கள்.

அழகை ரசிக்காதே என்று நான் சொல்லவில்லை. அந்தத் தெரு அழகுதான். ஆனால் அதைக் காட்டி, அருமை தெரியாதவர்கள் என்று நம் ஜனங்களைத் திட்டாதீர்கள். மிடில்டன்காரர்களுக்கும் தங்கள் ஊரின் அருமை தெரிந்திருந்தது. அவர்களிடம் கேட்கத்தான் ஆளில்லை. அடுத்த முறை யாராவது அப்படியொரு படம் அனுப்பினால், இது எப்போது கட்டியது, அதற்கு முன்னால் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று இரண்டே கேள்வி கேளுங்கள்.