அடிக்கல் முளைக்க 36 ஆண்டு!

தோழர்களே! ஒடிசாவின் வரைபடத்தை மேசைமீது விரியுங்கள். விரலைத் தெற்கே, இன்னும் தெற்கே நகர்த்துங்கள். ஒருபுறம் ஆந்திரம், மறுபுறம் சத்தீசுகர் நெருக்க, கடைக்கோடியில் ஒரு நிலம் தொங்குகிறதே, அதுதான் மல்கான்கிரி மாவட்டம். பரப்பு 5,791 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பின்படி மக்கள் 6,13,192 பேர். பாதிக்கு மேற்பட்டோர் பழங்குடியினர். போண்டாக்களும் கோயாக்களும் வாழும் மலை, காடு. தலைநகராம் புவனேசுவரமோ அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால்!

"எங்கோ கிடக்கும் காடு, நமக்கென்ன?" என்பீரோ? 1936 ஏப்ரல் முதல் நாள் ஒரிசா தனி மாகாணமாகும் வரை அந்தக் காடு சென்னை மாகாணத்தில், விசாகப்பட்டினம் மாவட்டத்தில், செய்ப்பூர் சமீனில் அடங்கிக் கிடந்தது. சென்னைக் கோட்டையில் தொட்ட மைக்கு அந்த மலையில் தலைவணங்கினர். ஆகவே, கேட்க நமக்கும் கடமையுண்டு.

1942 ஆகஸ்டு 21-ல் மத்திலி காவல் நிலையத்தை நோக்கி மக்களைத் திரட்டிச் சென்றார் லட்சுமண் நாயக் எனும் பழங்குடித் தலைவர். வனக்காவலர் ஒருவரைக் கொன்றதாகக் குற்றம் சாட்டினர். 1943 மார்ச் 29-ல் பெர்காம்பூர்ச் சிறையில் தூக்கிலிட்டனர். விடுதலை வந்தது. அவர் மக்களுக்கு வந்தது என்ன?

அணை வந்தது! சிலேறு ஆற்றை மறித்து எழுந்தது பலிமேலா. இன்று அதன் மின்திறன் 510 மெகாவாட். நாடு ஒளி பெற்றது, மகிழ்கிறோம். ஆனால் தேங்கிய நீர் 151 சிற்றூர்களைச் சூழ்ந்து துண்டித்ததே! சந்தைக்குப் போகப் படகு, பள்ளிக்குப் படகு, பிள்ளைப்பேற்று வலியால் துடித்தாளே ஒரு தாய், அவளுக்கும் படகு! அரசு ஏடுகளே அந்தப் பகுதிக்குத் 'துண்டிக்கப்பட்ட பகுதி' என்று பெயரிட்டன. துண்டித்தது யார் என்று மட்டும் எழுதவில்லை.

1982-ல் பாலத்துக்கு அடிக்கல் நாட்டினர். குருப்பிரியா பாலம் திறக்கப்பட்டது எப்போது? 2018 சூலை 26-ல்! நீளம் 910 மீட்டர். காத்திருப்பு 36 ஆண்டு. ஆண்டுக்கு 25 மீட்டர்! நத்தையும் நாணித் தலைகுனியும் வேகமன்றோ இது?

"துப்பாக்கி ஏந்தியோர் தடுத்தனர்" என்பர். மறுக்கவில்லை. 2011 பிப்ரவரியில் மாவட்ட ஆட்சியரையே கடத்திச் சென்றனர், பின்னர் விடுவித்தனர். அந்தத் துப்பாக்கிக்கு நாம் வக்காலத்து வாங்கவில்லை. ஆனால் ஒன்று கேட்கிறோம்: அரசு கால் வைக்காத இடத்தில்தானே ஆயுதம் கூடாரம் அடித்தது? வீட்டைப் பூட்டாமல் போனவன், திருடனை மட்டும் திட்டினால் போதுமா?

"மாவட்டத்தையே பிரித்துக் கொடுத்தோமே" என்பர். ஆம், 1992 அக்டோபர் 2-ல் கோராபுட்டை நான்காக்கினர். கச்சேரி அருகே வந்தது, அதிகாரம் வந்ததா? கோடு கிழிப்பது வேறு, உரிமை கொடுப்பது வேறு.

"காட்டு மக்களுக்கு ஆளத் தெரியுமா?" என்று ஏளனம் பேசுவோரே, கேளுங்கள்! அதே நாளில் பிறந்த இன்னொரு மாவட்டம் ராயகடா. அங்கும் களாஹண்டியிலும் பரந்து கிடக்கிறது நியம்கிரி மலை. அதைத் தோண்டிப் பாக்சைட்டு எடுக்கத் துடித்தனர். 2013 ஏப்ரல் 18-ல் உச்ச நீதிமன்றம் கிராம சபைகளைக் கேட்கச் சொல்லிற்று. கூடிய சபைகள் பன்னிரண்டு. பன்னிரண்டும் சொன்ன விடை ஒன்று: "தோண்டாதே!" தடியில்லை, துப்பாக்கியில்லை. மரத்தடியில் மக்களாட்சி மலர்ந்தது!

தோழர்களே, பழங்குடிப் பகுதியில் நிலமெடுக்குமுன் கிராம சபையைக் கலந்து பேசு என்றது 1996 சட்டம். ஒப்புதலே பெறு என்றது 2013 நிலமெடுப்புச் சட்டம். புதுச்சலுகை எதுவும் நாம் கேட்கவில்லை. ஏட்டில் ஏறியது காட்டில் நடக்கட்டும் என்கிறோம்! அணைக்கு நிலம் எடுக்கத் தெரிந்த கை, மக்களின் சொல்லுக்கும் செவி கொடுக்கட்டும். இல்லையேல், இன்று மரத்தடியில் கூடியவர்கள் நாளை கோட்டை வாயிலில் கூடுவர்!