ஆள்சேர்ப்புச் சங்கிலியில் நவீன அடிமைத்தனம்: கண்காணிப்பு எட்டாத கடைசிக் கண்ணி

புதுதில்லி: வெளிநாட்டு வேலைக்குச் செல்லும் தொழிலாளியிடம் பதிவு பெற்ற ஆள்சேர்ப்பு முகவர் பெறக்கூடிய அதிகபட்சச் சேவைக் கட்டணம் ரூ.30,000. 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்தால் ரூ.35,400. அதற்கு ரசீது வழங்குவதும் கட்டாயம். ஆனால், பதிவு பெறாத முகவர்கள் வேலை தேடுவோரிடம் ரூ.2 லட்சம் முதல் ரூ.5 லட்சம் வரை வசூலித்து ஏமாற்றுவது அதிகரித்துள்ளதாக வெளியுறவு அமைச்சகமே 2023 டிசம்பரில் எச்சரித்தது.

விதி கூறும் தொகைக்கும் நடைமுறையில் கைமாறும் தொகைக்கும் இடையிலான இந்த வேறுபாடே நவீன அடிமைத்தனத்தின் தொடக்கப் புள்ளி. பன்னாட்டு நிறுவனங்கள் ஆண்டுதோறும் வெளியிடும் அடிமைத்தன ஒழிப்பு அறிக்கைகள் பெரும்பாலும் இந்தப் புள்ளியை எட்டுவதில்லை.

2021-ஆம் ஆண்டில் உலகம் முழுவதும் 2.76 கோடி பேர் கட்டாய உழைப்பில் சிக்கியிருந்ததாக சர்வதேச தொழிலாளர் அமைப்பு மதிப்பிட்டுள்ளது. புலம்பெயராத தொழிலாளியைவிட புலம்பெயர்ந்த தொழிலாளி இந்நிலைக்குத் தள்ளப்படும் வாய்ப்பு மூன்று மடங்குக்கும் அதிகம் என்கிறது அதே மதிப்பீடு. சங்கிலியும் பூட்டும் இன்று தேவைப்படுவதில்லை. அந்த வேலையைக் கடன் பார்த்துக்கொள்கிறது.

முகவருக்குக் கீழே முகவர்

வளைகுடா நாட்டிலுள்ள ஒரு கட்டுமான நிறுவனத்துக்கு 100 தொழிலாளர்கள் தேவை எனக் கொள்வோம். அந்நிறுவனம் உள்ளூர் ஆள் வழங்கும் நிறுவனத்தை நாடுகிறது. அது மும்பையிலோ தில்லியிலோ உள்ள பதிவு பெற்ற முகவருக்குத் தேவைக் கடிதத்தை அனுப்புகிறது. மும்பை முகவருக்கு பிகாரின் சிவானிலோ கோபால்கஞ்சிலோ உள்ள கிராமங்களுடன் நேரடித் தொடர்பு இருப்பதில்லை. எனவே அவர் மாவட்டத் தலைநகரில் உள்ள துணை முகவரிடம் கூறுகிறார். துணை முகவர் கிராமத்தில் தமக்கு அறிமுகமான ஒருவரிடம் பொறுப்பை விடுகிறார்.

1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டப்படி, பதிவுச் சான்றிதழ் இன்றி ஆள்சேர்ப்புத் தொழில் நடத்துவது குற்றம். ஆகவே இந்தத் துணை முகவர் எந்த ஆவணத்திலும் இடம்பெறுவதில்லை. அரசின் இ-மைகிரேட் இணையதளத்தில் இருப்பது மும்பை முகவரின் பெயர் மட்டுமே. தொழிலாளி பணம் கொடுத்ததோ தன் ஊரில் தனக்குத் தெரிந்த மனிதரிடம். கையில் ரசீது இல்லை. பிடிபட்டாலும் அச்சட்டம் விதிக்கும் தண்டனை இரண்டு ஆண்டுகள் வரை சிறையும் ரூ.2,000 வரை அபராதமும்தான். நாற்பது ஆண்டுகளுக்கு முன் நிர்ணயிக்கப்பட்ட அந்த அபராதத் தொகை, இன்று ஒரு தொழிலாளியிடம் பெறும் முன்பணத்துக்குக்கூட ஈடாகாது.

கணக்கு எளிமையானது. ரூ.2 லட்சத்தை மாதம் 3 சதவீத வட்டிக்குப் பெற்றவர் வட்டியாக மட்டும் மாதம் ரூ.6,000 செலுத்த வேண்டும். வாக்களிக்கப்பட்ட சம்பளம் 1,000 ரியால் என்றும், அங்கு சென்றபின் கையெழுத்திடச் சொல்லும் புதிய ஒப்பந்தத்தில் 700 ரியால் என்றும் இருந்தால், அவர் மறுத்துவிட்டு ஊர் திரும்ப முடியாது. ஊரில் காத்திருப்பது கடன் கொடுத்தவர். கடவுச்சீட்டை முதலாளி பறித்து வைப்பது இதற்கு மேல் பூசப்படும் இன்னொரு பூச்சு மட்டுமே. கடவுச்சீட்டு இந்திய அரசின் சொத்து என்று 1967-ஆம் ஆண்டின் கடவுச்சீட்டுச் சட்டம் கூறுவது பாலைவன முகாமில் இருப்பவருக்குப் பெரிதும் உதவுவதில்லை.

ஒரு ரூபாய் தரகும் உச்சநீதிமன்றமும்

இந்தச் சிக்கலை இந்திய நீதித்துறை வெளிநாட்டு வேலை தொடர்பாக அன்றி, தலைநகரிலேயே சந்தித்தது. 1982 ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்கான கட்டுமானப் பணிகளில் நாளொன்றுக்கு ரூ.9.25 கூலி நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ஒப்பந்ததாரர்கள் அத்தொகையை 'ஜமாதார்' எனப்படும் ஆள்பிடிப்போரிடம் கொடுத்தனர். அவர்கள் தலைக்கு ஒரு ரூபாயைத் தரகாக எடுத்துக்கொண்டு ரூ.8.25-ஐத் தொழிலாளிக்கு வழங்கினர்.

ஜனநாயக உரிமைகளுக்கான மக்கள் ஒன்றியம் தொடுத்த வழக்கில் நீதிபதி பி.என். பகவதி தலைமையிலான அமர்வு, குறைந்தபட்சக் கூலிக்கும் குறைவாகப் பெற்று உழைப்பது அரசியல் சாசனத்தின் 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்று தீர்ப்பளித்தது. வறுமையும் பசியும் தரும் நெருக்குதலும் கட்டாயமே என்பது அத்தீர்ப்பின் அடிப்படை. ஒப்பந்ததாரரைக் காரணம் காட்டி முதன்மை வேலையளிப்பவர் பொறுப்பிலிருந்து நழுவ முடியாது என்றும் அது கூறியது. நிறுவனங்களின் விநியோகச் சங்கிலிப் பொறுப்பு பற்றி இன்று உலகம் பேசுவதன் சாரம் அந்த ஒரு ரூபாய் தரகு வழக்கிலேயே உள்ளது. இருப்பினும், அதே அளவுகோல் எல்லை கடக்கும் ஆள்சேர்ப்புக்கு அழுத்தமாகப் பொருத்தப்படவில்லை.

அறிக்கைகள் கேட்காத கேள்வி

பிரிட்டனின் 2015-ஆம் ஆண்டு நவீன அடிமைத்தனச் சட்டம், ஆண்டு வருவாய் 3.6 கோடி பவுண்டு அல்லது அதற்கு மேல் உள்ள நிறுவனங்கள் தங்கள் விநியோகச் சங்கிலி குறித்து அறிக்கை வெளியிட வேண்டும் என்கிறது. அங்கு தொழில் நடத்தும் இந்தியத் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் இவ்வறிக்கையை வெளியிடுகின்றன. எந்த நடவடிக்கையும் எடுக்கவில்லை என்று எழுதினாலும் சட்டத்தின் தேவை நிறைவேறிவிடும் என்பது அதன் நன்கறிந்த பலவீனம். இந்தியாவில் முதல் 1,000 பட்டியலிடப்பட்ட நிறுவனங்களுக்கு செபி கட்டாயமாக்கியுள்ள வணிகப் பொறுப்பு அறிக்கையும் கட்டாய உழைப்பு குறித்துக் கேட்கிறது. ஆனால், கட்டாயக் கேள்வி அந்நிறுவனத்தின் சொந்த ஆலைகளையும் அலுவலகங்களையும் பற்றியது.

ஆள்சேர்ப்பு நிறுவனங்களைப் பொறுத்தவரை இதில் ஒரு முரண்பாடும் உண்டு. தொழிலாளியிடம் எந்தக் கட்டணமும் பெறக்கூடாது என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 1997-ஆம் ஆண்டு 181-ஆவது உடன்படிக்கையின் பொது விதி. இந்தியா அதை ஏற்புறுதி செய்யவில்லை. இந்திய விதியோ ரூ.30,000 வரை அனுமதிக்கிறது. 'வேலையளிப்பவரே செலுத்துவார்' என்ற கொள்கையை அறிவித்த வெளிநாட்டு நிறுவனத்துக்கு ஆள் அனுப்பும் இந்திய முகவர், உள்நாட்டுச் சட்டத்தை மீறாமலேயே அந்தக் கொள்கையை மீற முடியும்.

ரசீது இல்லாமலும் பணம் திரும்பியது

சவூதி அரேபியாவில் அமேசான் கிடங்குகளில் பணியாற்றிய நேபாளத் தொழிலாளர்கள், ஆள்சேர்ப்புக் கட்டணம் செலுத்தி ஏமாற்றப்பட்டதை அம்னெஸ்டி இன்டர்நேஷனல் 2023 அக்டோபரில் வெளிக்கொணர்ந்தது. அமேசானின் நேரடி ஊழியர்களாவோம் என நம்பிச் சென்ற பலர், இடையில் இருந்த ஆள் வழங்கும் நிறுவனங்களின் பிடியில் சிக்கியிருந்தனர். 2024 பிப்ரவரியில் 700-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களுக்கு 19 லட்சம் டாலர் திருப்பியளிக்கப்பட்டதாக அமேசான் அறிவித்தது.

கத்தாரில் 2022 உலகக் கோப்பைக் கால்பந்துப் பணிகளில் இதைவிடப் பயனுள்ள ஒரு முறை கையாளப்பட்டது. தொழிலாளியிடம் ரசீது கேட்பதில் பொருளில்லை என்பதை உணர்ந்து, அவர் கட்டணம் செலுத்தியிருப்பார் என்ற அனுமானத்தின் பேரில் ஒப்பந்த நிறுவனங்களே மாதத் தவணையாகத் திருப்பித் தரும் ஏற்பாடு செய்யப்பட்டது. மெய்ப்பிக்கும் சுமை தொழிலாளியின் தோளிலிருந்து இறக்கப்பட்டது. உலகக் கோப்பைத் திட்டங்களுக்கு வெளியே உழைத்த பெரும்பான்மையோருக்கு அது கிட்டவில்லை.

1983-ஆம் ஆண்டின் சட்டத்துக்கு மாற்றாக 2021-இல் ஒரு வரைவையும், 2025 அக்டோபரில் மற்றொரு வரைவையும் வெளியுறவு அமைச்சகம் கருத்துக் கேட்புக்காக வெளியிட்டது. சட்டம் எந்த வடிவில் வந்தாலும், ஆள்சேர்ப்பு நிறுவனத்தைத் தணிக்கை செய்வோர் முதலில் கேட்க வேண்டிய ஆவணம் ஒன்று உண்டு. அது நடத்தை விதித் தொகுப்போ, பணியாளர் கையெழுத்திட்ட உறுதிமொழியோ அன்று. வேலையளிப்பவருக்கும் முகவருக்கும் இடையிலான சேவைக் கட்டண ஒப்பந்தம். ஒரு தொழிலாளியைத் தேர்ந்தெடுத்து, மருத்துவப் பரிசோதனை செய்வித்து, விசாவும் பயணச் சீட்டும் பெற்று அனுப்புவதற்கு உறுதியான செலவு உண்டு. அந்த ஒப்பந்தத்தில் வேலையளிப்பவர் செலுத்தும் தொகை பூஜ்யம் என்று இருந்தாலோ, வேலைக் கடிதத்துக்காக முகவரே வேலையளிப்பவருக்குப் பணம் கொடுத்திருந்தாலோ, அந்தச் செலவு சிவானில் யாரோ ஒருவரின் நில அடமானப் பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கும்.