கேட்ட பிறகு பேசக் கூடாது



பொங்கலுக்கு மதுரை வந்திருந்த நம் நெடுநாள் வாசகி ஒருவர், ஊர் திரும்பும் முன் அலுவலகத்துக்கு வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அமெரிக்காவில் ஒரு நகரத்து அருங்காட்சியகத்தில் வேலை பார்க்கிறார். எனக்கு எப்போதும் பத்திரிகைப் புத்திதானே, "அங்கே இருக்கிற சிலைகளைப் பற்றி ஒரு தொடர் எழுதுங்களேன்" என்றேன். "எனக்கும் சிலைக்கும் சம்பந்தமே இல்லை சார். நான் வசூல் பிரிவு" என்றார்.

அந்தப் பிரிவுக்கு அங்கே 'டெவலப்மென்ட்' என்று பெயராம். வேலை கிடைத்த புதிதில் சித்தப்பாவிடம் அதைச் சொல்லப்போக, 'பாப்பா அமெரிக்காவில் பிளாட் போட்டு விக்குது' என்று அவர் மதுரை முழுக்கச் சொல்லிவைத்துவிட்டார். இன்றைக்கும் சில உறவுக்காரர்கள் சதுர அடி விலை கேட்கிறார்களாம்.

அவர் வேலை, அருங்காட்சியகத்துக்காகப் போய்க் கேட்பது. பணமாகவும் கேட்பார், பொருளாகவும் கேட்பார். முதலாளி அவருக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது: தொகையைச் சொன்னதும் வாயை மூடிக்கொள். "எதிரில் இருப்பவர் காபியைக் கலக்குவார். ஜன்னல் பக்கம் பார்ப்பார். நமக்கு நாக்கு துறுதுறுக்கும். 'முடிஞ்சதைக் கொடுங்க, பாதி கொடுத்தாலும் போதும்' என்று சொல்லத் தோன்றும். சொன்னோமோ, பாதிதான் சார்."

அப்படி உட்கார்ந்து கேட்கிற அந்த ஒரு மணி நேரத்துக்குப் பின்னால் ஒன்றரை வருடம், இரண்டு வருடம் இருக்கிறதாம். அந்த மனிதருக்கு எதில் பிரியம், அவர் அம்மா எந்த ஊர், சின்ன வயதில் இந்தக் கட்டடத்துக்கு யார் கையைப் பிடித்துக்கொண்டு வந்தார் என்பதெல்லாம் தெரிந்திருக்க வேண்டும். கிடங்குக்குக் கூட்டிப்போய், கூட்டத்துக்குக் காட்டாத பொருள்களைக் காட்டியிருக்க வேண்டும். "கேட்கிற நாளில் அவருக்கே தெரியும், நான் கேட்கத்தான் வந்திருக்கிறேன் என்று. பாதிப் பேர் நான் உட்காரும் முன்பே சிரித்துவிடுவார்கள்." பெரிய தொகையைப் பெரும்பாலும் ஐந்து வருடத் தவணையில்தான் கொடுப்பார்களாம். அந்த ஐந்து வருடமும் அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் பெயர் இவருக்கு ஞாபகம் இருக்க வேண்டும்.

அவர் போன பிறகு, இந்த வேலையைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்துக்கொண்டிருந்தேன். வாஷிங்டனில் இருக்கும் ஸ்மித்சோனியன் என்ற அருங்காட்சியக நிலையம் வந்து என்னைப் பிடித்துக்கொண்டது. அதற்கு விதையாக விழுந்த பணம் யாரும் கேட்காமல் வந்த பணம். ஜேம்ஸ் ஸ்மித்சன் என்ற ஆங்கிலேய வேதியியலாளர் 1829ல் இத்தாலியின் ஜெனோவாவில் இறந்தார். அமெரிக்க மண்ணை ஒருநாளும் மிதித்தவர் அல்ல. சொத்தெல்லாம் தம்பி மகன் ஒருவனுக்குத்தான். அவனுக்கு வாரிசு இல்லாமல் போனால் மட்டும், வாஷிங்டனில் அறிவை வளர்க்கவும் பரப்பவும் ஒரு நிலையம் அமைப்பதற்கு அமெரிக்காவுக்குப் போக வேண்டும் என்று உயில் எழுதியிருந்தார். பையன் 1835ல் வாரிசில்லாமல் இறந்துபோனான். லண்டனில் வழக்காடி 1838ல் கப்பலில் கொண்டுவந்தார்கள்: 105 மூட்டைத் தங்க நாணயம், டாலர் கணக்கில் 5 லட்சத்துக்கும் மேல். வந்த பணத்தை வாங்குவது நாட்டுக்கு மரியாதையா என்று அங்கே வாதாடியவர்களும் உண்டு. நிலையம் பிறக்க 1846 ஆகிவிட்டது. ஸ்மித்சனின் எலும்புகளைப் பின்னால் 1904ல் கொண்டுவந்து அங்கேயே வைத்தார்கள். கொண்டுவந்தவர் தொலைபேசிப் புகழ் அலெக்சாண்டர் கிரகாம் பெல்!

கேட்காமல் கிடைத்த பணத்தில் பிறந்த அந்த நிலையத்துக்குள்ளேயே, ஒவ்வொன்றையும் கேட்டுக் கேட்டு வாங்கிக் கட்டிய ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆப்பிரிக்க அமெரிக்கர்களின் வரலாற்றுக்கும் பண்பாட்டுக்குமானது. கறுப்பினப் போர்வீரர்கள் இப்படி ஒன்று வேண்டும் என்று முயற்சி தொடங்கியது 1915ல். ஜான் லூயிஸ் என்ற கறுப்பின எம்.பி. 1988 முதல் திரும்பத் திரும்ப மசோதா கொண்டுவந்து, அது சட்டமானது 2003ல். சட்டத்தில் ஒரு கொக்கி இருந்தது. அரசு பாதிதான் தரும், மீதிப் பாதியை நீங்களே திரட்டிக்கொள்ளுங்கள்.

2005ல் லோனி பஞ்ச் என்ற வரலாற்று அறிஞரை இயக்குநராக நியமித்தார்கள். கையில் கட்டடம் இல்லை, இடம் முடிவாகவில்லை, காட்சிக்கு வைக்க ஒரு பொருளும் இல்லை. ஒதுக்கிய அலுவலக அறைக்குப் போனால் அது பூட்டிக் கிடந்தது. சாவி யாரிடமும் இல்லை. அந்தப் பக்கம் கிடந்த பராமரிப்புத் தள்ளுவண்டியில் ஒரு கடப்பாரை இருந்ததைப் பார்த்து, அதை எடுத்துக் கதவை நெம்பி உள்ளே போனாராம். இதைத் தன் நினைவு நூலில் அவரே எழுதியிருக்கிறார். வசூலுக்குப் போகிறவருக்கு இதைவிட நல்ல சகுனம் வேண்டுமா என்று நினைத்துக்கொண்டேன்.

இல்லாத ஒன்றுக்கு எப்படிப் பணம் கேட்பது? இங்கேதான் அந்த மனிதரின் கெட்டிக்காரத்தனம். பணக்காரர் வீட்டு வாசலுக்குப் போனது போலவே, ஏழை வீட்டுப் பரணுக்கும் போனார். 2008ல் சிகாகோவில் தொடங்கி ஊர் ஊராக ஒரு நிகழ்ச்சி நடத்தினார்கள். வீட்டில் இருக்கும் பழைய பொருள்களைக் கொண்டுவாருங்கள், அவற்றை எப்படிப் பாதுகாப்பது என்று எங்கள் நிபுணர்கள் சொல்லித்தருவார்கள் என்பதுதான் அழைப்பு. கொடுங்கள் என்று கேட்கவில்லை. துணியைக் கெடுக்காத தாளில் எப்படிச் சுற்றுவது, புகைப்படத்தை எங்கே வைக்கக் கூடாது என்று சொல்லிக்கொடுத்தார்கள். தாத்தாவின் பொருள் இவ்வளவு பெரிதா என்று தெரிந்துகொண்டவர்களில் பலர், அவர்களாகவே கொடுக்க முன்வந்தார்கள். சிகாகோவில் அப்படி ஒரு பெண்மணி கொண்டுவந்தது, ரயில் பெட்டியில் பயணிகளுக்குப் பணிவிடை செய்த ஊழியர் ஒருவரின் வெள்ளைத் தொப்பி.

சேர்ந்த பொருள்களின் கதைகளைப் படிக்கும்போது பல இடங்களில் நிறுத்திவிட்டேன். அடிமைத்தளையிலிருந்து தானும் தப்பி, திரும்பத் திரும்பப் போய்ப் பிறரையும் மீட்டுவந்த ஹாரியட் டப்மேனின் பாட்டுப் புத்தகம். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இருந்தும் புத்தகம் வைத்திருந்தார். விக்டோரியா மகாராணி அவருக்கு அனுப்பிய சால்வையும் கூடவே வந்தது. பிலடெல்பியாவைச் சேர்ந்த சேகரிப்பாளர் சார்லஸ் பிளாக்சன் 2010ல் கொடுத்தவை இவை. 1831ல் அடிமைகளின் கிளர்ச்சிக்குத் தலைமை தாங்கித் தூக்கில் ஏறிய நாட் டர்னரின் பைபிளைக் கொடுத்தது யார் தெரியுமா? அந்தக் கிளர்ச்சியில் உயிர்தப்பிய வெள்ளைக்காரப் பெண்ணின் வழிவந்த குடும்பம். 1955ல் மிசிசிப்பியில் அடித்துக் கொல்லப்பட்ட 14 வயது எம்மட் டில்லின் சவப்பெட்டி, 2009ல் ஒரு கல்லறைத்தோட்டத்துக் கொட்டகையில் துருப்பிடித்துக் கிடந்தது. பையனின் உடலை உலகம் பார்க்கட்டும் என்று தாய் திறந்துவைத்த அதே பெட்டி. குடும்பத்தார் அதை அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார்கள். அந்தக் குடும்பத்திடம் யார் போய், எந்த வார்த்தையில் பேசியிருப்பார்கள்? நம் வாசகி சொன்ன 'வாயை மூடிக்கொள்' என்பதற்கு அங்கே வேறு பொருள் இருந்திருக்கும்.

பணமும் இப்படித்தான். கட்டடம் எழும்பும் முன்பே உறுப்பினர் சேர்த்தார்கள். திறக்கும்போது லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்திருந்தார்கள். தேவாலயங்களும் சங்கங்களும் கொடுத்தன. வர்ஜீனியாவில் ஒரு தேவாலயம் மட்டும் 10 லட்சம் டாலர். தொலைக்காட்சி நட்சத்திரம் ஓப்ரா வின்ஃப்ரே கொடுத்தது மொத்தம் 2.1 கோடி டாலர்; 350 இருக்கை கொண்ட அரங்குக்கு அவர் பெயர். கூடைப்பந்து வீரர் மைக்கேல் ஜோர்டானின் 50 லட்சமும், முதலீட்டாளர் ராபர்ட் ஸ்மித்தின் 2 கோடியும் 2016ல், திறப்பை ஒட்டிய மாதங்களில்தான் வந்தன. மொத்தச் செலவு 54 கோடி டாலர். பாதி அரசு, பாதி மக்கள். கோடிகளை விட அந்த லட்சம் உறுப்பினர்கள்தான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறார்கள். உங்கள் பின்னால் யார் இருக்கிறார்கள் என்று அரசும் கேட்கும், கோடீஸ்வரரும் கேட்பார். எடுத்துக் காட்ட அந்தப் பட்டியல் இருந்தது.

2016 செப்டம்பர் 24 அன்று திறப்பு விழா. ரிப்பன் வெட்டவில்லை. வர்ஜீனியாவின் பழைய கறுப்பினத் தேவாலயம் ஒன்றிலிருந்து கொண்டுவந்த மணியை அடித்தார்கள். அடித்தவர் 99 வயது மூதாட்டி ஒருவர். அவருடைய தகப்பனார் அடிமையாகப் பிறந்தவர். பக்கத்தில் ஜனாதிபதி ஒபாமா நின்றார்.

கொடுப்பவர்கள் எல்லாரும் சும்மா கொடுத்துவிட்டுப் போவதில்லை. அதே ஸ்மித்சோனியனுக்குத் தன் கலைச் சேகரிப்பை 1906ல் எழுதிக்கொடுத்தார் சார்லஸ் ஃப்ரீர். பொருள்களை வெளியே எங்கும் இரவல் தரக் கூடாது என்று நிபந்தனை போட்டார். நம்முடைய சோழ அரசி செம்பியன் மாதேவி என்று பலர் கருதும் அந்தச் சோழர் காலச் செப்புச் சிலை இருப்பது அவர் பெயரிலுள்ள கூடத்தில்தான். அதை ஒட்டியே இன்னொரு கூடம்: ஆர்தர் சாக்லர் 1982ல் சுமார் 1,000 கலைப்பொருள்களோடு 40 லட்சம் டாலரும் கொடுத்து எழுந்தது. அவர் 1987ல் இறந்தார். அவருடைய தம்பிகளின் மருந்துக் கம்பெனி 1996ல் சந்தைக்குக் கொண்டுவந்த வலி மாத்திரை, பின்னால் போதைப் பழக்கமாகி அமெரிக்காவில் எத்தனையோ குடும்பங்களைச் சீரழித்தது. 2019ல் பாரிஸின் லூவர், 2021ல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் என்று ஒவ்வொன்றாக அந்தக் குடும்பப் பெயரைச் சுவரிலிருந்து எடுத்தன. வாஷிங்டனிலோ, என்றென்றைக்கும் பெயர் வைப்பதாகப் பழைய ஒப்பந்தம் இருக்கிறது, எடுக்க முடியாது என்றார்கள். மாத்திரை வருவதற்கு முன்பே இறந்துபோன அண்ணன் பெயர் அது என்பது உண்மைதான். ஆனாலும் வாசலில் பெயரைப் படிக்கிறவருக்கு அண்ணன் யார், தம்பி யார் என்று யார் விளக்கிக்கொண்டிருப்பது? 'என்றென்றைக்கும்' என்ற சொல்லை எந்தப் பத்திரத்திலும் எழுதக் கூடாது என்பது என் கட்சி.

நம் வாசகியிடம் இதைப் பற்றிக் கேட்டிருந்தேன். "வாங்குவதைவிட வேண்டாம் என்பதுதான் சார் கஷ்டம்" என்றார். அவர் நினைவில் இருந்தது கோடீஸ்வரர் இல்லை. கணவர் நாற்பது வருடம் சேர்த்த பீங்கான் பொம்மைகளை அட்டைப்பெட்டியில் வைத்து எடுத்துவந்த ஒரு பாட்டியம்மா. அருங்காட்சியகத்துக்கு அவை உதவாது. வாங்கினால் கிடங்கில்தான் கிடக்கும். அன்று மத்தியானம் முழுக்க ஒவ்வொரு பொம்மையின் கதையையும் கேட்டுவிட்டு, பொம்மைகளை விரும்பி வைத்துக்கொள்ளக்கூடிய ஒரு முதியோர் இல்லத்துக்குப் போன் போட்டுக் கொடுத்தாராம். மறு வருடம் அந்தப் பாட்டியம்மாவிடமிருந்து 50 டாலர் காசோலை வந்தது.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். இருபது வருடம் முன்பு எங்கள் ஊர் வாசகசாலையின் பொன்விழாவுக்கு ரசீதுப் புத்தகத்தோடு தெருத்தெருவாகப் போனேன். கேட்கத் தெரியாது, 'பார்த்துச் செய்யுங்க' என்று முணுமுணுத்துவிட்டுத் தரையைப் பார்ப்பேன். சைக்கிள் கடைக்காரர் ஒருவர் 500 ரூபாய் கொடுத்தார். அந்தக் கடையில் அது எத்தனை பஞ்சர் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். ரசீது பிறகு தருகிறேன் என்று சொல்லி வந்தவன், மறந்தே போனேன். அடுத்த வருடம் வண்டிக்குக் காற்றடிக்கப் போனபோது, "பணம் போய்ச் சேர்ந்துச்சா தம்பி?" என்று கேட்டார். அவர் கேட்டதில் கோபம் துளியும் இல்லை. நம் வீடுகளில் மொய் நோட்டை இரும்புப் பெட்டியில் பூட்டி வைக்கிறோமே, எதற்கு? 51 ரூபாய் எழுதியவர் பெயரும் அதில் தப்பக் கூடாது என்பதற்குத்தான். அன்று எனக்கு அந்த அறிவு இல்லை. கொடுத்தவருக்கு 48 மணி நேரத்துக்குள் நன்றிக் கடிதம் போய்விட வேண்டும் என்பது நம் வாசகி அலுவலகத்தில் விதியாம். அவர் அதைச் சொன்னபோது நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

சரி, உங்களிடமும் ஒன்று கேட்கப் போகிறேன். உங்கள் வீட்டுப் பரணில், பீரோவின் அடித்தட்டில், தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் பழைய பொருள் ஏதாவது இருக்கும். ரங்கூன் கடிதமோ, மில் அடையாள வில்லையோ, பாட்டியின் பால் கணக்கு நோட்டோ, எதுவானாலும் சரி. பழைய பேப்பர்காரருக்குப் போடும் முன் அதைப் படம் எடுங்கள். அது யாருடையது, உங்கள் கைக்கு எப்படி வந்தது என்று ஒரு பக்கத்துக்கு எழுதி, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் நம் முகவரிக்கு அனுப்புங்கள். பொருளை அனுப்ப வேண்டாம். நம் அலுவலகத்தில் எலி இருக்கிறது. வருகிற ஒவ்வொரு கடிதத்துக்கும், பிரசுரமானாலும் ஆகாவிட்டாலும், என் கைப்பட பதில் வரும்.

கேட்டுவிட்டேன். இனி பேச மாட்டேன்.

அன்புடன்,
ஆசிரியர்