பழைய வண்டியும் புதிய இயந்திரமும்

பழைமையைப் போற்றுவோர் ஒரு சாரார். பயனை நாடுவோர் மற்றொரு சாரார். இவ்விரு சாராரிடையே எழும் வழக்குகளுள் ஒன்று வில்லியனூர், பாகூர்க் கொம்யூன்களைப் போன்ற நாட்டுப்புறங்களுக்கும் உரியதே. பாட்டனார் வாங்கிய மோட்டார் வண்டி கொட்டகையின் ஓரத்தே நிற்கின்றது. இயந்திரமோ தேய்ந்து புகை கக்குகின்றது. அதனைக் களைந்து புதியதொன்றைப் பொருத்தலாமா, கூடாதா? இதுபற்றி நம் கருத்தை ஈண்டுக் கூற விழைகின்றோம்.

முதற்கண், யாவரும் அறிந்த அம்பாசிடர் வண்டியை நோக்குவோம். ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு வண்டியை மூலமாகக் கொண்டு, வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் தொழிற்சாலை 2014 வரை அதனைச் செய்துவந்தது. தொடக்கத்திலிருந்த பக்க வால்வு இயந்திரம் விரைவில் நீங்கி, 1489 கன சென்டிமீட்டர் அளவுள்ள மேல்வால்வு இயந்திரம் அமைந்தது. பின்னர் டீசல் இயந்திரம் வந்தது. 1990களில் ஜப்பானிய ஈசுஸு இயந்திரமும் புகுந்தது. உருவம் பெரிதும் மாறாதிருக்க, உள்ளம் பலமுறை மாறிற்று. செய்தவரே செய்த மாற்றம் உடையவனுக்கு மட்டும் பழியாமோ?

வில்லியனூர்த் திருக்காமீசுவரர் தேரினைப் பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஆளுநர் வடம் பிடித்து இழுத்தனர். இன்று துணைநிலை ஆளுநர் இழுக்கின்றார். இழுப்பவர் மாறினும் தேர் வேறாகிவிடவில்லை. திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரமும் நீரழுத்தப் பிரேக்கும் பொருத்தியபோதும் அடியார் எவரும் அதனைப் புதுத்தேர் என்றிலர். ஓடுதற்கென ஆகியது ஓடுதலே அதற்கு அழகு.

ஆயினும், மாற்றுவோர் மறவாதிருக்க வேண்டுவன சில உள. வண்டியின் வேகம் இரட்டித்தால், அதனை நிறுத்தப் பிரேக்கு செய்யவேண்டிய வேலை நான்கு மடங்காகும். பழைய பிரேக்கையும் ரேடியேட்டரையும் அப்படியே விட்டு, வலிமையை மட்டும் கூட்டுதல் கடிவாளமின்றிக் குதிரையை விரட்டுதலை ஒக்கும். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவும் இத்தகைய மாற்றத்திற்கு வரம்பு விதிக்கின்றது. இயந்திரத்தின் எண் பதிவுச் சான்றில் பொறிக்கப்பட்டுள்ளதாதலின், பதிவு அதிகாரியின் ஒப்புதலை முன்னரே பெறுதல் வேண்டும். ஊர்ப் பட்டறையில் இரவோடிரவாக மாற்றிவிட்டு வாளாவிருத்தல் தகாது; விபத்து நேர்ந்தால் வழக்கும் இழப்பும் அவர் தலைமேலேயே விழும்.

இதனினும் பெரிய கேள்வி ஒன்று உண்டு. 2021இல் வெளிவந்த விதிகளின்படி, பதிவாகி 50 ஆண்டு கடந்து, மூல வடிவம் குன்றாது பேணப்பட்ட வண்டியே பழம்பெரும் வண்டியெனத் தனிப்பதிவு பெறும். அதனை நாடோறும் சாலையில் ஓட்டுதலும் ஆகாது. இயந்திரத்தை மாற்றியவர் இப்பேற்றை இழப்பர். ஆகவே, திருப்பாணியைக் கையிலெடுக்குமுன் உடையவர் தம்மையே வினவுக: இது நமக்கு ஊர்தியோ, வரலாற்றுச் சான்றோ? எண்ணிறந்தன எஞ்சியுள்ள வகையாயின் மாற்றி ஓட்டுக. அரிதாய் எஞ்சியதாயின், மெல்ல ஓடினும், ஓடாது நிற்பினும், தொடாது விடுக.

மாற்றத் துணிந்தாரும் மீட்க இயலாதவாறு மாற்றாதொழிக என்பதே நம் முடிபு. வண்டியின் உடலை அறுத்தல் வேண்டா. புதிய தாங்கிகளைத் திருகியே பொருத்துக. கழற்றிய இயந்திரத்தைப் பழைய இரும்புக் கடைக்குத் தள்ளாமல், எண்ணெய் பூசிப் பெட்டியில் வைத்துக் காக்க. நாம் இன்று பயனை வேண்டுகின்றோம். நம் பேரர் நாளை பழைமையை வேண்டக்கூடும். அவர் விருப்பத்திற்கும் வழி விட்டுவைத்தலே அறிவுடையார் செயலாகும். பொறியியல் பயிலப்போகும் நம் கல்லூரி மாணவர்கள் இதனைச் சிந்திப்பார்களாக.