இன்னும் இருபது நிறம்

கண்காட்சிக் கூடத்தில் பின்னல்காரிகளை அடையாளம் கண்டுபிடிப்பது சுலபம். மற்றவர்கள் நாலடி தள்ளி நின்று தலையைச் சாய்த்து ரசிப்பார்கள். நாங்கள் மூக்கு துணியில் இடிக்கிற அளவுக்குக் கிட்டே போவோம். உதடு லேசாக அசையும்; கண்ணி எண்ணுகிறோம் என்று அர்த்தம். அப்புறம் சுவரோடு சுவராகச் சாய்ந்து, தொங்கும் துணியின் பின்பக்கம் கொஞ்சமாவது தெரிகிறதா என்று எட்டிப் பார்ப்போம். முன்பக்கத்தை யார் வேண்டுமானாலும் அழகாக வைத்துக்கொள்ளலாம். நூல் முனைகளைப் பின்பக்கம் என்ன செய்திருக்கிறாள் என்பதில்தான் ஒருத்தியின் கை தெரியும்.

2013-ல் லண்டனுக்கு அக்கா மகன் வீட்டுக்குப் போயிருந்தபோதும் இதே கதைதான். கேஃப் ஃபாசெட்டின் ‘எ லைஃப் இன் கலர்’ கண்காட்சி. “சித்தி, அந்த செக்யூரிட்டி உங்களையேதான் பார்க்கிறார். கையைப் பின்னால கட்டிக்குங்க” என்று பையன் கெஞ்சிக்கொண்டே வந்தான். விடுமுறை நாள் தூக்கத்தை விட்டுவிட்டு வந்தவன், பாவம்.

கண்காட்சி நடந்தது பெர்மண்ட்சி வீதியில் இருக்கும் ஃபேஷன் அண்ட் டெக்ஸ்டைல் மியூசியத்தில். லண்டன் பிரிட்ஜ் ஸ்டேஷனிலிருந்து நடந்தே போய்விடலாம். ஒரு காலத்தில் தோல் பதனிடும் தொழிலுக்குப் பேர்போன வட்டாரம் அது. சில தெருக்களின் பெயரில் இன்னமும் தோல் வாசனை அடிக்கிறது. செங்கல் கிடங்குகளுக்கு நடுவே இந்தக் கட்டடம் மட்டும் ஆரஞ்சும் அடர் ரோஸுமாக நிற்கும். மெக்ஸிகோ நாட்டுக் கட்டடக் கலைஞர் ரிகார்டோ லெகொரேட்டா வடிவமைத்தது. தொடங்கியவர், தலைமுடிக்கே ரோஸ் சாயம் போட்டுக்கொள்ளும் ஆடை வடிவமைப்பாளர் ஸாண்ட்ரா ரோட்ஸ். 2003-ல் திறந்தார்கள். ஃபாசெட்டின் சரக்கை மாட்டி வைக்க இதைவிடப் பொருத்தமான இடம் அந்த ஊரில் இருந்திருக்காது.

ஃபாசெட் 1937-ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் பிறந்தவர். 1964-ல் ஓவியராக இங்கிலாந்துக்கு வந்து அங்கேயே தங்கிவிட்டார். ஸ்காட்லாந்துக்காரரான ஆடை வடிவமைப்பாளர் பில் கிப்போடு இன்வர்னெஸில் ஒரு கம்பளி ஆலைக்குப் போனவர், அங்கே அடுக்கியிருந்த நூல்களைப் பார்த்து மயங்கி, இருபது நிறத்தில் நூலும் பின்னல் ஊசியும் வாங்கிவிட்டார். பின்னத் தெரியாது! லண்டன் திரும்பும் ரயிலில் கூட வந்த ஒரு பெண்மணிதான் சொல்லிக்கொடுத்தார். முதல் ஸ்வெட்டரிலேயே இருபது நிறத்தையும் போட்டுத் தீர்த்தார். அடுத்து வோக் நிட்டிங் பத்திரிகை அவர் வேலையைப் பிரசுரித்தது. மிஸ்ஸோனி போன்ற பெரிய இத்தாலிய நிறுவனத்துக்கும் பின்னல் வடிவமைத்தார். 1988-ல் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. வாழும் ஜவுளிக் கலைஞர் ஒருவருக்கு அங்கே அப்படி நடந்தது அதுதான் முதல் தடவை.

அவருக்கு அந்த ரயில் பெண்மணி வாய்த்ததில் எனக்குக் கொஞ்சம் பொறாமை. நான் பின்னல் கற்றது ஊட்டியில், பள்ளிக்கூடத்து சிஸ்டரிடம். கருநீலம், மெரூன், சாம்பல் என்று மூன்றே நூல்கண்டுதான் அவர் அலமாரியில் இருக்கும். ஒரே ஸ்வெட்டரில் மூன்றையும் போடலாமா என்று கேட்டால், சர்க்கஸில் சேரப் போகிறாயா என்பார். கை ஒரே சீராக ஓட வேண்டும், ஒரு கண்ணியும் நழுவக் கூடாது, அவ்வளவுதான் பாடம். சீராகப் பின்ன வந்துவிட்டது. நிறம் மட்டும் வராமலே கிடந்தது.

உள்ளே நுழைந்ததும் முதலில் என்னை நிறுத்தியவை சால்வைகள். ஒன்பது அடி அகலம். எட்டி நின்று பார்த்தால் பாரசீகக் கம்பளத்தையும் பழைய சீனக் கிண்ணத்தையும் யாரோ கரைத்து ஊற்றியது போலிருக்கும். கிட்டே போனால் வெறும் நேர் கண்ணியும் தலைகீழ்க் கண்ணியும்தான். கயிறு முறுக்கும் கிடையாது, ஓட்டை வேலையும் கிடையாது. பத்து வயதுப் பெண் கற்கிற பின்னல். வித்தை முழுக்க நூலை மாற்றுவதில் இருக்கிறது. நான் குனிந்து பார்த்த ஓரிடத்தில், கட்டை விரல் அகலத்துக்குள் சிவப்பு செங்கல்லாகி, செங்கல் துருவாகி, துரு பழுத்த கொய்யாவின் உள் நிறமாகி முடிந்தது. எங்கே மாறியது என்று சுட்டிக்காட்டச் சொன்னால் முடியாது.

இத்தனை நிறம் போட்டுப் பின்னியவர்களுக்குத் தெரியும், பின்னால் நூல்கண்டுகள் ஒன்றோடொன்று சுற்றிக்கொண்டு செய்கிற அட்டகாசம். ஃபாசெட் சொன்ன வழி எளிமையானது: நூல்கண்டையே வைத்துக்கொள்ளாதே, இரண்டு மூன்று அடி நீளத்துக்கு அறுத்துத் தொங்கவிடு, சிக்கினால் உருவிக்கொள்ளலாம். முனைகளைக் கடைசியில் தைத்துக்கொள்ளலாம் என்று விடாதே, பின்னும்போதே உள்ளே சேர்த்துப் பின்னிவிடு. அவர் புத்தகத்தில் இதைப் படித்த பிறகுதான் நான் மூன்றாவது நிறத்தையே தொட்டேன். இரண்டு நிறம் சந்திக்கும் இடத்தில் ஒரு நூலை இன்னொன்றின் மேல் சுற்றிவிட்டுத்தான் அடுத்த கண்ணிக்குப் போக வேண்டும். சுற்றாவிட்டால் அங்கே துணி பிளந்து நிற்கும். காஞ்சிபுரத்துக் கோர்வைப் புடவையில் உடலின் ஊடையும் கரையின் ஊடையும் கோத்துக்கொள்வது இதே காரணத்துக்காகத்தான். அங்கே தறி, இங்கே இரண்டு ஊசி.

தொடக் கூடாது என்ற தண்டனைக்கு ஒரே ஒரு விதிவிலக்கு வைத்திருந்தார்கள். தொட்டுப் பார்ப்பதற்கென்றே ஒரு சுவர். மற்ற மியூசியங்கள் ஏன் இதைச் செய்வதில்லை என்று எனக்குப் புரியவே இல்லை. கம்பளியை வெறும் கண்ணால் பார்ப்பதில் பாதிதான் தெரியும். அங்கே எவ்வளவு நேரம் நின்றேன் என்று பையனைத்தான் கேட்க வேண்டும்.

குவில்ட் எனும் ஒட்டுத்துணிப் போர்வைகளுக்கு வருவோம். நான் தைப்பது எல்லாம் பழைய புடவை, சட்டைத் துணி, தையல்காரரிடம் மிஞ்சிய துண்டு. ஃபாசெட்டோ பூப்போட்ட துணிகளைத் தானே வடிவமைத்து, அவற்றை வெட்டி ஒட்டுப்போடுகிறவர். அமெரிக்காவைச் சேர்ந்த லைஸா ப்ரையர் லூஸிதான் இவரைக் குவில்ட் பக்கம் இழுத்துவந்தவர். சுவரில் இருந்த வகைகளில் நான் விடாமல் பார்த்தது பெட்டி அடுக்கு. மூன்று சாய்சதுரம் சேர்ந்தால் ஒரு பெட்டி. மேல்பக்கம் வெளிர், ஒரு பக்கம் நடுத்தரம், மறுபக்கம் அடர்த்தி. இந்த மூன்றும் சரியாக விழுந்தால் தட்டைத் துணியில் பெட்டிகள் எழுந்து நிற்கும். ஃபாசெட் செய்கிற குறும்பு, வெளிரா அடர்த்தியா என்று சொல்ல முடியாத பூத்துணிகளை நடுநடுவே வைப்பது. ஒரு பெட்டி நன்றாக நிற்கும், பக்கத்துப் பெட்டி பூவுக்குள் கரைந்துபோகும், அதற்கடுத்தது தலைகீழாகத் தெரியும்.

என் கண்ணுக்கு இது கஷ்டமாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். புடவைக் கடையில் வளர்ந்த கண் நம்முடையது. பச்சை உடலுக்கு அரக்குக் கரை. மஞ்சளுக்கு ஊதா. கடைக்காரர் “நல்ல கான்ட்ராஸ்ட்மா” என்றால் அது பாராட்டு. ஃபாசெட்டின் துணிகளில் கான்ட்ராஸ்ட் அநேகமாக இல்லை. ரோஸுக்குப் பக்கத்தில் கொஞ்சம் அழுக்கேறிய ரோஸ், அதற்குப் பக்கத்தில் சால்மன், அப்புறம் தணிந்த ஆரஞ்சு. பளிச்சென்ற வெள்ளையையும் கன்னங்கறுப்பையும் கூடியவரை கிட்டேயே சேர்ப்பதில்லை. நிறத்தில் சந்தேகம் வந்தால் இன்னும் இருபது நிறம் சேர் என்பது அவர் வகுப்புகளில் சொல்லிச் சொல்லிப் பிரபலமான அறிவுரை. அதைக் கேட்டுவிட்டு வீட்டில் இருக்கிற மிச்சத் துணியையெல்லாம் கொட்டினால் பொங்கல் சந்தைதான் வரும். இருபதும் ஒரே அடர்த்தியில் பக்கத்துப் பக்கத்து நிறங்களாக இருந்தால்தான் அந்த அறிவுரை பலிக்கும். சந்தேகமிருந்தால் துணிகளைப் பரப்பி மொபைலில் ஒரு படம் எடுத்து, கறுப்பு வெள்ளைக்கு மாற்றிப் பாருங்கள். எல்லாம் ஒரே சாம்பலாகத் தெரிந்தால் சால்வைக்கு ஆகும். பெட்டி அடுக்குக்கு மட்டும் மூன்று சாம்பல் தெரிய வேண்டும்.

பாராட்டு போதும், ஒரு குறையும் உண்டு. எல்லாமே உச்சஸ்தாயி. ஓவியம், தையல் சித்திரம், மொசைக், பின்னல், குவில்ட் என்று நூற்றுக்கும் மேற்பட்டவை. கண் இளைப்பாற ஒரு வெற்றுச் சுவர் கிடையாது. முதல் மாடியிலிருந்து கீழே பார்த்தபோதுதான் தனித்தனியாகப் பார்க்க முடிந்தது.

இன்னொன்று, வெளியே வருகிறவர்கள் நாக்கில் ஒரே பெயர்தான் இருக்கும். இவ்வளவையும் ஒரு ஜோடிக் கை செய்திருக்க முடியாது என்று பின்னுகிற எவளுக்கும் தெரியும். பாத் நகர மியூசியத்துக்கு ‘ஆண்டின் உடை’ என்று வருஷாவருஷம் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற வழக்கம் இருந்தது. 1970-ல் தேர்வானது பில் கிப்பின் உடை. அதோடு சேர்ந்த கம்பளி வெய்ஸ்ட்கோட்டின் வடிவம் ஃபாசெட்டுடையது. கையால் பின்னியவர் மில்ட்ரெட் போல்ட்டன். வரைந்தவர் பெயரோடு பின்னியவர் பெயரும் பிழைத்திருப்பது அபூர்வம். குவில்ட்களிலும் நிறம் அடுக்குகிறவர் ஒருவர், ஒட்டுத் தைக்கிறவர் ஒருவர், மூன்று அடுக்கையும் சேர்த்து ஓடுதையல் போடுகிறவர் இன்னொருவர் என்பது சகஜம்.

நெய்கிறவர் கணக்கிலேயே இல்லை. அந்தக் கணக்கு நம் பக்கம்தான் வருகிறது. ஆக்ஸ்ஃபாம் அழைத்ததன்பேரில் ஃபாசெட் இந்தியாவுக்கும் குவாத்தமாலாவுக்கும் போய், மேற்கு நாடுகளில் விலைபோகிற வடிவங்களை நெசவாளர்களோடு உட்கார்ந்து யோசித்திருக்கிறார். அவர் பெயரில் விற்கும் ‘ஷாட் காட்டன்’ துணி இந்தியாவில் நெய்யப்படுவது. பாவு ஒரு நிறம், ஊடை வேறொரு நிறம். மடிப்பில் ஒன்றாகவும் விரிப்பில் ஒன்றாகவும் மின்னும். மயில்கழுத்துப் புடவை கட்டியவர்களுக்கு விளக்கவே வேண்டாம். பட்டில் நாம் செய்வதைப் பருத்தியில் செய்திருக்கிறார்கள், அவ்வளவுதான். பூத்துணிகளுக்கு நடுவே வெற்றுத் துணி செத்துக் கிடக்கும். இதை வைத்தால் கிடக்காது.

வெளியே வரும் வழியில் கடை இருந்தது. இருக்காமல் எங்கே போகும். செம்பு நிறத்திலும் பாசிப் பச்சையிலும் ஷாட் காட்டன் வெட்டி வாங்கினேன். பையன் துணிச்சுருளில் இருந்த சீட்டைப் படித்துவிட்டு என்னைப் பார்த்தான்.

“சித்தி, இந்தியாவில நெய்ஞ்ச துணியை லண்டன்ல பவுண்டு கொடுத்து வாங்கி, மறுபடி இந்தியாவுக்கே தூக்கிட்டுப் போறீங்க?”

“ஆமாண்டா. பில்லை மட்டும் உங்க அம்மாகிட்ட காட்டாதே.”